கல்யாணக் களை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த பியூட்டி பார்லரில் திவ்யா என்று ஒரு பெண் இருக்கிறாள். நூலால் புருவம் எடுக்கிற த்ரெட்டிங்கை அருமையாகச் செய்வாள். கஸ்டமர் இல்லாத நேரத்தில் போனை எடுத்து வைத்துக்கொண்டு பேய்க்கதை எழுதுவாள். ஏதோ ஒரு ஆப்பில் போடுகிறாளாம், நிறையப் பேர் படிக்கிறார்களாம். நான் வேலையை விட்டு நின்றபிறகும் என்னை விடவில்லை. போன மாதம் ஒரு கதையை அனுப்பி, "மேரிக்கா, இது பார்லர் பேய். நீங்கதான் சீனியர். படிச்சிட்டு எப்பிடி இருக்குதுன்னு சொல்லுங்க. இன்னும் பயமா ஆக்கணும்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள்.

படித்தேன். பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு பார்லர் ஓனரம்மா சின்னப் பெண்களைக் கொன்று, அந்த ரத்தத்தை முகத்தில் பூசி என்றும் பதினாறாக இருக்கிறாள். செத்துப்போன கல்யாணப் பெண் ஒருத்தி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குள்ளிருந்து வருகிறாள். இதுதான் கதை.

ரத்தத்தைக் கிண்ணத்தில் ஊற்றி பிரஷால் பூசினால் ஒரு கன்னம் முடிவதற்குள் கட்டி தட்டிப்போகும். சரி, கதை என்று அதை விட்டுவிடலாம். ஆனால் அந்த ஓனரம்மா கஸ்டமருக்கு ஸ்டீம் கொடுத்து முடித்துவிட்டு அதன்பிறகு பிளீச் போடுகிறாள்! பிளீச் என்பது எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது. ஸ்டீமில் தோல் திறந்து கிடக்கும்போது பிளீச் வைத்தால் முகம் வெந்துவிடும், கொலைக்குக் கத்தியே வேண்டாம். கூடவே வேலை பார்த்த பெண்ணே இப்படி எழுதினால் நான் என்ன செய்ய? அப்புறம் அந்தத் தலைவிரி கோலம். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு உயிரோடு வருகிறவர்களுக்கே நாங்கள் கிளிப் கொடுத்துத்தான் உள்ளே விடுவோம்.

போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திவ்யா சிரித்தாள். "லாஜிக்கெல்லாம் பாக்காதீங்கக்கா. சரி, நீங்களே சொல்லுங்க. பார்லர்ல அப்பிடி என்னா பயத்த பாத்துட்டீங்க?"

பார்த்தேனே. அதைத்தான் எழுதுகிறேன். அவள் கதையாக்கிக்கொள்ளட்டும். பிளீச்சை மட்டும் முதலில் போடச் சொல்லுங்கள்.

கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பில் சேரப் போனவள் நான். அங்கே இடம் நிரம்பிவிட்டது என்று அடுத்த அறையில் நடந்த பியூட்டிஷியன் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், பெரிய லட்சியமெல்லாம் கிடையாது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் கணுக்காலில் இருந்த முடியை எடுத்து எடுத்தே த்ரெட்டிங் பழகினேன். கல்யாணமானதும் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை கிடைத்தது. நானும் அங்கே தெற்கு வீதியில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த பார்லரில் சேர்ந்தேன். என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த மாடியில்தான் போனது.

அந்தப் பார்லர் வத்சலா மேடத்துடையது. மேடத்தைப் பற்றித் திவ்யா கதையில் வருகிற மாதிரி ராட்சசி என்று எழுதினால் அது பொய். குரலை உயர்த்திப் பேசமாட்டார். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து டிபன் பாக்ஸில் கொடுத்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு என் பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துத் தருவார். கஸ்டமர் யாரையும் 'கறுப்பு' என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

அவர் செய்வது வேறு. புதிதாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தால், அவள் மோவாயை இரண்டு விரலால் பிடித்து ட்யூப்லைட் பக்கம் திருப்புவார். இந்தக் கன்னத்தைப் பார்ப்பார், அந்தக் கன்னத்தைப் பார்ப்பார். அப்புறம் ஒரு 'ப்ச்'. அவ்வளவுதான். புருவம் எடுக்க வந்தவள் அந்த 'ப்ச்'சில் கண்ணாடியைத் திரும்பிப் பார்ப்பாள். "என்னா மேடம்?" என்று அவளாகவே கேட்பாள். "ஒன்னுமில்ல கண்ணு. கொஞ்சம் டல்லா இருக்குது, அவ்ளோதான். சரி பண்ணிடலாம்" என்பார் மேடம், ஏதோ ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருக்கிற மாதிரி. உள்ளே வரும்போது நன்றாக இருந்த பெண் வெளியே போகும்போது டல்லாகப் போவாள். எத்தனையோ முறை எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் "நீ உன் வேலையப் பாரு மேரி" என்று அதே மெதுவான குரலில் சொல்வார்.

சரி பண்ணுவதற்கு மேடத்திடம் ஒரு க்ரீம் இருந்தது. வெள்ளை டப்பா, மேலே ஒரு எழுத்து கிடையாது. 'ஸ்பெஷல்' என்று பெயர். பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் பையில் போட்டுக் கொண்டுவருவார். ஃபாரின் சரக்கு என்பார், எந்த ஃபாரின் என்று கேட்டால் சிரிப்பார். பார்லர் பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அது இருக்கும். நாங்கள் யாரும் தொடக்கூடாது, மேடம்தான் தன் கையால் எடுத்துக் கொடுப்பார். படுக்கப் போகும்போது பட்டாணி அளவு எடுத்து முகத்தில் மட்டும் தேய்க்க வேண்டும், வெளியில் சொல்லக்கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். "சொன்னா உனக்குப் புரியுமா?" என்றார். மேடத்துக்கும் தெரியாது என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அது வேலை செய்தது. அதுதான் கொடுமை. சில வாரங்களில் முகம் அப்படியே வெளுத்துக்கொண்டு வரும். எனக்கு மட்டும் மேடம் அதைச் சிபாரிசு செய்யவே இல்லை. "நீ பக்கத்துல நின்னாத்தான்டி கஸ்டமரு பளிச்சுன்னு தெரிவாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன், வேறு என்ன செய்வது.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து சுகன்யா வந்தது அந்த நேரத்தில்தான். அப்பா கரும்பு விவசாயம். இவள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு, ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். ஸ்ரீமுஷ்ணத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. படிக்கும் காலத்திலிருந்தே எங்களிடம் புருவம் எடுக்க வருகிறவள் என்பதால் கல்யாணத்துக்கும் எங்களையே தேடி அம்மாவோடு வந்தாள். நல்ல கறுப்பு, மருவில்லாத தோல். பல் தெரியச் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்த மாதிரித் தோலில் பியூட்டிஷியனுக்கு வேலையே இல்லை, கழுவித் துடைத்தாலே போதும்.

மேடம் மோவாயைப் பிடித்தார். இந்தக் கன்னம், அந்தக் கன்னம்.

"ப்ச்."

சுகன்யாவின் அம்மா தனலட்சுமிக்கு முகம் சுருங்கிப்போனது. "என்னாம்மா, எதுனா இருக்குதா?"

"டல்லா இருக்குது. மேடைல லைட்டு போட்டா இன்னும் அடிச்சுக் காட்டும். மாப்ள எப்பிடி, கலரா?"

"அவரு மாநெறம்தான்."

"அப்ப பக்கத்துல நிக்கும்போது தெரியும் இல்ல? அதான் சொல்றேன். டைம் இருக்குது, சரி பண்ணிடலாம்."

மாப்பிள்ளை வீட்டில் யாராவது நிறத்தைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று நான் தனலட்சுமியைக் கேட்டேன். "சொல்லல. சொல்லாமப் போனா மனசுல இல்லன்னு ஆயிடுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். டப்பா கைமாறியது.

கல்யாணம் வரைக்கும் மொத்தமாகப் பேசிய பேக்கேஜ் என்பதால் சுகன்யா அடிக்கடி வந்தாள். ஃபேஷியல் நான்தான் செய்வேன். க்ளென்சிங், ஸ்க்ரப், மசாஜ், ஸ்டீம், கடைசியில் ஃபேஸ் பேக். மசாஜில் என் விரல் எந்நேரமும் கஸ்டமர் முகத்தில் இருக்கும், அதனால் பெற்ற அம்மாவுக்குத் தெரியாததெல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடும். சுகன்யாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் நெற்றி வெளுத்தது, பிறகு கன்னம். கழுத்தும் காதும் கையும் பழைய நிறத்திலேயே இருந்தன. அவள் தெருவில் நடந்தால் ஆட்கள் நிறுத்திவைத்துச் சொன்னார்களாம்: "கல்யாணக் களை வந்துருச்சி!"

இந்த ஒரு வார்த்தையை நான் என் வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. நிச்சயமான பெண்ணுக்கு என்ன ஆனாலும் நம்மவர்களுக்கு அது கல்யாணக் களைதான். முகம் சிவந்தால் களை. சோர்ந்து உட்கார்ந்திருந்தால் வெட்கம். சாப்பிடவில்லை என்றால் அவன் நினைப்பு. அடுத்தடுத்த மாதங்களில் சுகன்யாவின் கன்னம் உப்பிக்கொண்டு வந்தபோது அதற்கும் பெயர் தயாராக இருந்தது. "பூசினாப்ல ஆயிட்டா. இப்பத்தான் பொண்ணு லட்சணமா இருக்கா" என்று தனலட்சுமி பூரித்துப்போய்ச் சொன்னார். மேடம் அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி மற்ற கஸ்டமர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் பாராட்டினார்கள். என் விரலுக்கு மட்டும் அந்தக் கன்னம் பிடிக்கவில்லை. சதை போட்ட கன்னம் மெத்தென்று இருந்தாலும் விரலுக்குப் பிடி கொடுக்கும். இது தண்ணீர் கோத்த மாதிரி கொழகொழவென்று இருந்தது.

ஒரு நாள் காலையில் பெடிக்யூருக்கு வந்திருந்தாள். பாதத்தை வெந்நீரிலிருந்து எடுத்துத் துண்டால் துடைத்து, காலைப் பிடித்துக்கொள்ள முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தினேன். விரலை எடுத்தேன், குழி அப்படியே நின்றது. இன்னொரு இடத்தில் அழுத்தினேன், அங்கேயும் குழி. பிசைந்து வைத்த மைதாவில் விரல் வைத்த மாதிரி. சுகன்யாவும் குனிந்து பார்த்தாள்.

"இது எத்தன நாளா?" என்றேன்.

அவள் மேடம் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தெரியலக்கா. காலைல எழுந்தா கண்ணே தொறக்க முடியல, இமை ரெண்டும் வீங்கிப்போவுது. நிச்சய மோதிரம் கழட்ட வரல. அப்பறம்..." சொல்லத் தயங்கினாள். "பாத்ரூம் போனா நுரை நுரையா வருதுக்கா. யாராவது சோப்புத்தண்ணி ஊத்தியிருப்பாங்கன்னு மொதல்ல நெனச்சேன். அம்மாகிட்ட சொன்னா கல்யாண பயம்னு சொல்றாங்க. எனக்குப் பயமாத்தான் இருக்குது, ஆனா கல்யாணத்த நெனச்சி இல்ல."

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் மனுஷக் காலில் குழி விழுந்தால் எழும்ப வேண்டும் என்பது தெரியும். தனலட்சுமியைக் கூப்பிட்டுக் காலைக் காட்டினேன், டாக்டரிடம் போகச் சொன்னேன். பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதால் வந்த வீக்கம் என்றார். விடாமல் திரும்பவும் சொன்னேன். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார்.

"கல்யாணப் பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன்னு வையி, அந்தச் சேதி நானு வூடு போய்ச் சேர்றதுக்குள்ள ஸ்ரீமுஷ்ணம் போயிடும். நோயாளிப் பொண்ணுன்னு பேரு வந்துட்டா அப்பறம் யாரு கட்டுவா? நீயா கட்டி வப்ப?"

மேடம் என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். "கல்யாணப் பொண்ணு காலப் புடிச்சிக்கினு வீக்கம் கீக்கம்னு பேசுற. வாயக் கழுவு மேரி. போயி நெய்ல் பாலிஷ் போட்டு வுடு."

போட்டேன், நல்ல சிவப்புப் பாலிஷ். போடும்போதே சுகன்யாவிடம் மெதுவாகக் கேட்டேன், "என்கூட வர்றியா?" தலையை ஆட்டினாள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுக்கு அளவு திரும்பக் கொடுக்க வேண்டும் என்று அவளே அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொன்னாள். அது முழுப் பொய்யும் இல்லை, பழைய அளவு ஜாக்கெட் எதுவும் அவள் கையில் ஏறவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலிஷ் கலைந்துவிடக் கூடாதே என்று அவள் செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு நடந்ததுதான் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

யூரினையும் ரத்தத்தையும் பார்த்த டாக்டர் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. சிறுநீரகம் கெட்டுப்போய், உடம்பில் இருக்க வேண்டிய சத்தெல்லாம் யூரினில் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அன்றைக்கே அட்மிஷன். தனலட்சுமி ஓடிவந்து வார்டிலேயே என்னைக் கண்டபடி ஏசினார். நியாயம்தான், நான் அவர் இடத்தில் இருந்தாலும் ஏசியிருப்பேன்.

டாக்டர் நிதானமான ஆள். ஒவ்வொன்றாகக் கேட்டார். சுகர் உண்டா, வலி மாத்திரை சாப்பிடுகிறாளா, லேகியம், நாட்டு மருந்து, எடை குறைக்கிற பவுடர் ஏதாவது? "ஒரு மருந்தும் கெடையாது சார், காய்ச்சலுக்குக்கூட ஊசி போட்டதில்ல" என்று தனலட்சுமி அடித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. க்ரீமை யாராவது மருந்து என்று நினைப்பார்களா? நானே நினைக்கவில்லை. டாக்டர் கேட்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சுகன்யாவின் முகத்தையும் கழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மொகத்துக்கு என்னம்மா போடற?"

"மஞ்சள்தான் சார்" என்றார் தனலட்சுமி.

சுகன்யா என்னைப் பார்த்தாள். என் வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். "க்ரீம் சார். எங்க பார்லர்ல குடுக்குறது. பேரு தெரியாது."

"அதைக் கொண்டாங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் இருந்த டப்பா காலியாகிவிட்டது, கழுவி வெற்றிலைச் சுண்ணாம்பு போட்டு வைத்திருந்தார்கள். அதனால் மேடத்திடம்தான் போக வேண்டியிருந்தது. மத்தியான நேரம், பார்லரில் வேறு யாருமில்லை. விஷயத்தைச் சொன்னேன். மேடம் பதறவில்லை. குரலும் உயரவில்லை.

"எத்தனையோ பேருக்குக் குடுத்துருக்கேன். யாருக்காவது எதுனா ஆச்சா? எனக்கு எதுனா ஆச்சா?" தன் ஹேண்ட்பேகைத் திறந்து உள்ளேயிருந்து அதே வெள்ளை டப்பாவை எடுத்தார். "இதோ பாரு. நானே வருஷக்கணக்கா போடறேன். விஷமா இருந்தா நானு போடுவனா? சொல்லு, எனக்கு என்னா ஆச்சு?"

டப்பாவை என் முன்னால் நீட்டினார். டப்பாவின் மூடி கடகடவென்று ஆடியது.

மேடத்தின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் த்ரெட்டிங் செய்வதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது, எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். ஐலைனரும் அவர் போடுவதில்லை. வயதாகிறது, சுகர் இருக்கிறது, அதுதான் என்று சொல்லுவார், நாங்களும் நம்பினோம். அன்றைக்கு அந்த மூடி ஆடிய சத்தத்தை நான் கேட்டேன், அவரும் கேட்டார். மேடம் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், அது நிற்கவில்லை. அவர் முகத்தில் அப்போது பார்த்த பயத்தை எந்தப் பேயும் எனக்குக் காட்டப் போவதில்லை. டப்பாவை நானே அவர் விரலிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

பரிசோதனைக்கு அனுப்பியதில் பாதரசம் இருப்பது தெரிந்தது. "தெர்மாமீட்டர்ல இருக்குமே, அதாம்மா. தோல் வழியா உள்ள போயி கிட்னியில உக்காந்துருக்கு" என்றார் டாக்டர். க்ரீமை நிறுத்திவிட்டு மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார். தனலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், அழுதார். அழுது முடித்துவிட்டு, "கல்யாணம் வரைக்கும் மட்டும் லேசா போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். அந்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம், பெண்ணின் கால்மாட்டில் கண்மூடாமல் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பதும் அதே அம்மாதான். இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சேதி ஸ்ரீமுஷ்ணம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் ஒரு பை சாத்துக்குடியோடு வார்டுக்கு வந்துவிட்டார். தனலட்சுமி சட்டென்று எழுந்து நின்றார். கல்யாணம் நின்றுவிட்டது என்று அவருக்கு நிச்சயம், எனக்கும்தான். மருந்தில் சுகன்யாவின் வீக்கம் கொஞ்சம் வடிந்து, முகம் திட்டுத்திட்டாகக் கிடந்தது. வந்தவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"ஒடம்பு தேறிடும்னு சொல்றாங்க. கலரு? அது திரும்பி வருமா?"

"வந்துரும் சம்பந்தி" என்று தனலட்சுமி முந்திக்கொண்டார். "ஒடம்பு சரியானதும் வேற நல்ல க்ரீமா வாங்கிப் போட்டுடுறோம். மறுபடியும் வெள்ளையாயிடுவா, நீங்க கவலப்படாதீங்க."

"அய்ய, வெள்ளைய யாரு கேட்டா?" அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொண்ணு பாக்க வந்தப்ப இருந்தாளே, அந்தக் கலரக் கேக்குறேன். அவளப் பாத்துட்டுத்தான எம்புள்ள சரின்னான்? நடுவுல நீங்க எதுக்கு அவளக் கொண்டுபோயி சுண்ணாம்படிச்சீங்க?"

சுகன்யாதான் படுக்கையிலிருந்து, "வந்துரும் அத்தை. டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது. மாப்பிள்ளை கேட்கவில்லை, மாமியார் கேட்கவில்லை, பெண்ணும் கேட்கவில்லை. புருவம் எடுக்க வந்தவள் இவள். யாருமே கேட்காத ஒன்றுக்காக ஒரு பெண் சிறுநீரகத்தைக் கொடுக்கப் பார்த்தாளே, எதற்கு? ஒரு 'ப்ச்'சுக்கு. இதை விடப் பயமாக ஒரு கதையைத் திவ்யா எழுதிக் காட்டட்டும், பார்க்கலாம்.

வத்சலா மேடத்தின் பார்லருக்கு நான் திரும்பிப் போகவில்லை. அவரும் டாக்டரைப் பார்த்தார், அந்த க்ரீமை நிறுத்தினார் என்று கேள்விப்பட்டேன். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்ததாம். ஆனால் பிரிட்ஜில் இப்போது வேறொரு டப்பா இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன், அதன் மேல் துளசி படம் போட்டிருக்கிறதாம். என்னத்தைச் சொல்வது. வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு கடலூருக்கே வந்துவிட்டேன், மஞ்சக்குப்பத்தில் சேர்ந்தேன், மிச்ச காலத்தை அங்கேயே ஓட்டினேன்.

தள்ளிப்போன கல்யாணம் நன்றாக நடந்தது. சுகன்யா தேறி, பழைய நிறமெல்லாம் திரும்பி வந்தபிறகுதான் தேதி வைத்தார்கள். மேக்கப்புக்கு என்னைத்தான் வரச்சொன்னாள். அவள் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் தேடிக் கடலூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் சுண்ணாம்பு நிறம், சந்தன நிறம், பால் நிறம். நம் ஊரில் பாதிப் பேர் இருக்கிற நிறத்தில் ஒன்று கிடையாது. "எதுக்கு மேடம், ரெண்டு ஷேடு தூக்கலா போட்டா எடுப்பா இருக்கும்" என்று எனக்கே புத்தி சொன்னான் ஒரு கடைக்காரன். கடைசியில் நான்கைந்தைக் கலந்து உள்ளங்கையில் நானே நிறம் கொண்டுவந்தேன். முகம், கழுத்து, காது, கை எல்லாம் ஒரே நிறம். அந்தக் காலையில் மேடையில் அவள் பல் தெரியச் சிரித்தபோது நானும் சிரித்தேன். என் தொழிலில் நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கொஞ்ச நாள் கழித்துச் சுகன்யா மஞ்சக்குப்பம் பார்லருக்கு வந்தாள். கையில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, அதற்குள் கல்யாண ஆல்பம். "பாருங்கக்கா" என்று என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். புரட்டினேன். நான் உள்ளங்கையில் கலந்து போட்ட நிறம் ஒரு படத்தில்கூட இல்லை. பக்கம் பக்கமாக, வெள்ளை வெளேரென்று யாரோ ஒருத்தி மணவறையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருக்கிறார்.

"யாரு இப்பிடிப் பண்ணச் சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலக்கா. அவுங்களே பண்றாங்களாம். எல்லாப் பொண்ணுக்கும் பண்றாங்களாம், இதுக்குத் தனியா காசு வாங்குறதில்லையாம்."

தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்திருக்கிற படம் ஒன்று பெரிதாக இரண்டு பக்கத்துக்கும் வந்திருந்தது. அதில் முகத்தை வெளுத்தவர் கையை வெளுக்க மறந்துவிட்டார். சுகன்யா குனிந்து, மருதாணி வைத்த அந்தக் கறுப்புக் கையின் மேல் விரலை வைத்தாள்.

"இது நானு" என்றாள்.

விரலை மெதுவாக மேலே கொண்டுபோய் முகத்தின் மேல் வைத்தாள்.

"இது யாருக்கா?"